மிச்சக் கரண்ட்

என் கணவர் கச்சி முகம்மதுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. கத்தாரில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடம் மெஷின் பார்த்தவர். அங்கே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குளிரளவைக் காட்டும் ஒரு முள்ளைப் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டுமாம். போன ஜூலையில் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். இங்கே பார்ப்பதற்கு முள் இல்லை, அதனால் என்னைப் பார்க்கத் தொடங்கினார். உலை கொதித்துவிட்டதா, மோட்டரை நிறுத்தினாயா, கதவை ஏன் அரைவாசி திறந்து வைத்திருக்கிறாய் என்று பின்னாலேயே வருவார். நோன்பு மாதத்தில் கூரையில் சோலார் பொருத்திய பிறகுதான் என்னை விட்டார். சோலார் எவ்வளவு கரண்ட் உண்டாக்குகிறது என்று ஃபோனில் பார்க்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்துக்கொண்டு வளவைச் சுற்றி நடப்பார். எனக்கும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அதற்கும் வினை வந்தது. சித்திரைப் புதுவருடத்துக்கு இரண்டு நாள் முன்னர் ஃபோனில் செய்தி வந்தது, பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் விடுமுறை நாட்களில் காலையிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரை அதை நிறுத்தி வைத்து ஒத்துழைக்க வேண்டுமாம். நாடு முழுக்கப் பெரிய பெரிய பாக்டரிகள் எல்லாம் பூட்டு, கரண்டைப் பாவிக்க ஆளில்லை, கரண்ட் மிச்சமாகிப் போகிறதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. இதே நாட்டில் மூன்று வருடத்துக்கு முன்னர் கரண்ட் இல்லை என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஏ, பி என்று ஓர் எழுத்துப் போட்டு மணிக்கணக்கில் வெட்டினார்கள். இப்போது கரண்ட் கூடிப்போய்விட்டது, நிறுத்து என்கிறார்கள். இல்லையென்றாலும் எங்கள் தலையில்தான், மிச்சமென்றாலும் எங்கள் தலையில்தான்.

புதுவருடத்தன்று காலை ஏழு மணிக்கு அவர் பிஸ்மி சொல்லிக்கொண்டு சோலாரின் பிரேக்கரில் கை வைத்தார்.

"மச்சான், புதுவருசம் நாட்டுக்கு. நம்மட ஏறாவூருக்கு என்ன புதுவருசம்?" என்றேன். "கடையெல்லாம் திறந்து கிடக்கு. தையல் மெஷின் எல்லாம் ஓடுது. நாம என்னத்துக்கு நிப்பாட்டுற?"

"சட்டம் எண்டாச் சட்டம் புள்ள. எல்லாரும் ஒரேயடியா உள்ளுக்கு ஊத்தினா லைன் தாங்காதாம். மறுகா நாடே நிண்டுரும். மாசி மாசம் நடந்தது மறந்து போச்சா?"

மறக்கவில்லை. அன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுக்கக் கரண்ட் போய் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பி வர இரவாகிவிட்டது. என் குஞ்சு பொரிக்கிற மெஷினில் முதல் தடவையாக வைத்த ஊர்க்கோழி முட்டைகள் முழுவதும் அன்றோடு போயின. மறுநாள் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். சிறகு முளைத்து, சொண்டு முளைத்து, எல்லாம் முடிந்த குஞ்சுகள். அவற்றைப் பின்வளவில் புதைக்கும்போது நான் அழுததை அவர் வாழை மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். அடுத்த கிழமையே பஸ்லானைக் கூட்டிக்கொண்டு வந்தார். பஸ்லான் எங்கள் ஊர்ப் பொடியன், சோலார் விற்கிறவன். வாய் முழுக்கச் சிரிப்போடு, "இதைப் போட்டீங்க எண்டா இனிக் கரண்ட் கவலையே இல்ல காக்கா" என்றான். கத்தாரிலிருந்து கொண்டுவந்ததில் மிஞ்சியிருந்த அவ்வளவும் கூரைக்கு ஏறியது.

கை வெறுமையானதும் அவருக்கு மறுபடியும் கால் தரிக்கவில்லை. கத்தாரில் பழைய மனேஜர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இடம் இருக்கிறதாம், விசா எடுக்கலாமாம், புதுவருடத்தன்று, பதினான்காம் திகதி பின்னேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார். "இந்த முறையும் முட்டை பழுதாப் போச்செண்டா நான் போறன் நஸீறா. பொரிச்சா நிக்கன்." அவ்வளவுதான். ஒரு மனிதன் மனைவியோடு இருப்பதா இல்லையா என்பதைக் கோழி முட்டையின் மேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்கு அவர் போகக்கூடாது. கூட இருந்தால் தலையிடிதான். ஆனால் போகக்கூடாது. எங்கள் மகள் ஸஹ்ரா வாப்பாவை ஃபோனுக்குள் இருக்கிற ஆள் என்று நினைத்து வளர்ந்தவள். அவள் கலியாணம் முடித்து ஓட்டமாவடிக்குப் போன பிறகு, இந்த வீட்டில் நான் சுவரோடு பேசிய காலம் போதும்.

நோன்பு இருபத்திமூன்றில் வைத்த முட்டைகளுக்குப் புதுவருடத்தன்று இருபத்தோராம் நாள். மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இடுப்பளவு உயரமான பலகைப் பெட்டி. கண்ணாடிக் கதவு, உள்ளே சூட்டுக்குப் பல்புகள், காற்றைச் சுழற்ற ஒரு சின்ன ஃபான், ஈரத்துக்குத் தண்ணீர்த் தட்டு. காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடியில் காதை வைத்தேன். முட்டைக்குள்ளிருந்து கீச், கீச் என்று கேட்டது. பத்து மணிக்கு முதல் முட்டையின் ஓட்டில் ஒரு பொட்டு விழுந்திருந்தது, உள்ளிருந்து குஞ்சு சொண்டால் கொத்தியது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார், பிறகு வெளியே போய் நடக்கத் தொடங்கினார்.

பத்தரை இருக்கும். வாவிப் பக்கமிருந்து ஒரு காற்று எழும்பியது. எங்கள் தென்னையில் சரசரவென்று ஒரு சத்தம், தொடர்ந்து ஒழுங்கையில் படாரென்று வெடித்தது. ஃபான் நின்றது. பல்புகள் நூர்ந்தன.

முட்டைகளின் சத்தம் மட்டும் வீடு முழுக்கக் கேட்டது.

பொரிக்கிற நேரத்தில் ஃபான் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கதவை மூடி வைத்தால் உள்ளே மூச்சு முட்டும். திறந்து வைத்தால் ஈரம் போய், தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். நான் கதவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி ஒரு விரல் அளவு திறந்தேன். என் கை அதன் பாட்டில் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அவர் மட்டும் பதறவில்லை. முகத்தில் ஒரு பெருமை கூட இருந்தது. "பயப்படாத. பின்ன என்னத்துக்குச் சோலார் வச்சிரிக்கம்? இப்ப பாரு." போய்ப் பிரேக்கரைத் தூக்கினார். வெளியே கொளுத்துகிற வெயில். சுவரில் இருந்த பெட்டியில் ஒரு சிவப்பு லைட் கண் சிமிட்டியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. இறக்கினார், தூக்கினார். இறக்கினார், தூக்கினார். பிறகு பஸ்லானுக்கு அடித்தார். ஃபோனைச் சத்தமாக வைத்தபடியால் எனக்கும் கேட்டது.

"காக்கா, லைன் கரண்ட் இருந்தாத்தான் சோலாரும் வேலை செய்யும். லைன் செத்தா அதுவும் தானா நிண்டுரும். இல்லாட்டிக் கம்பத்தில ஏறி வேலை செய்ற ஆளுக்கு அடிக்குமே. பெட்டரி வச்சிருந்தா வேற கதை."

"கரண்ட் கவலையே இல்ல எண்டு சொன்ன நீதானே?"

"அது நான் கரண்ட் பில்லச் சொன்னன் காக்கா."

அவர் ஃபோனை வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். பன்னிரண்டு சோலார் பலகைகளும் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தன. நான் ஏச வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினேன். ஏசுவதற்கு வேறு நாள் கிடைக்கும்.

முறைப்பாட்டு இலக்கத்துக்கு அடித்தோம். விடுமுறைக்கு ஆட்கள் குறைவு, நிற்கிறவர்கள் வேறு இடத்தில் வேலையாக இருக்கிறார்கள், பின்னேரம் ஆகும் என்று மரியாதையாகவே சொன்னார்கள். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து வருகிறேன் என்று அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

அவர் போன பிறகுதான் நான் ஒழுங்கைக்கு வந்து பார்த்தேன். எங்கள் தென்னை மட்டை ஒன்று கம்பிகளின் மேல் விழுந்து, இரண்டைச் சேர்த்து முறுக்கிக்கொண்டு தொங்கியது. காய்ந்து தானாக விழுந்த மட்டை என்றால் அடி நாராகப் பிய்ந்திருக்கும். இது பச்சை மட்டை. அடியில் கத்தி வெட்டு நேராகத் தெரிந்தது. மூன்று நாளைக்கு முன்னர் அவர் கொக்கத்தடியில் கத்தியைக் கட்டிக்கொண்டு தென்னைக்குக் கீழே நின்றது நினைவுக்கு வந்தது. சோலாரில் நிழல் விழுகிறது என்றார். மரம் ஏறுகிற ஆளைக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். அதற்குப் பொறுமை எங்கே? வெட்டிய மட்டை மேலேயே சிக்கிக்கொண்டு இருந்திருக்கிறது, இன்றைக்குக் காற்று அதைத் தள்ளிவிட்டது. சட்டத்துக்குப் பயந்து சோலாரை நிறுத்தியவர், சோலாருக்காக ஒழுங்கையையே நிறுத்திவிட்டார்.

இருபது நிமிடத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தார். "எல்லா ஜெனரேட்டரும் புதுவருச விளையாட்டுப் போட்டிக்குப் போயிட்டாம். பாட்டுப் போடவாம்." அவருடைய கண்ணும் கம்பிக்குப் போய், மட்டையில் நின்று, என்னிடம் திரும்பியது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது.

அப்போதுதான் எதிர் வீட்டில் ரேடியோ பாடுவது என் காதில் விழுந்தது.

எங்கள் ஒழுங்கை ஏறாவூரின் கடைசி ஒழுங்கை. இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள், அந்தப் பக்கம் தமிழாட்கள். இரண்டு பக்கத்துக்கும் கரண்ட் வருவது வேறு வேறு லைனில். கரண்ட் வெட்டிய வருடத்தில் எங்களுக்கு ஓர் எழுத்து, அவர்களுக்கு வேறோர் எழுத்து. எங்களுக்குப் போகிற நேரம் அவர்களுக்கு இருக்கும். எதிர் வீட்டு நல்லரத்தினம் அண்ணன் ஒரு நீள மஞ்சள் வயரை வாங்கி, தன் வேப்ப மரத்திலிருந்து என் மாமரத்துக்கு இழுத்துக் கட்டினார். செய்யக்கூடாத வேலைதான். ஆனால் அந்த வருடம் முழுக்க அவர்கள் வீட்டு மீனும் என் வீட்டு இறைச்சியும் கெட்டுப்போகவில்லை. வெட்டு முடிந்ததும் அண்ணன் வயரைச் சுருட்டிக் கொட்டிலில் கொழுவி வைத்தார்.

முந்தானையை இழுத்துத் தலையைப் போர்த்திக்கொண்டு ஒழுங்கையைத் தாண்டி ஓடினேன். வாசல் கடப்படியில் மாவிலை கட்டியிருந்தது. அண்ணனின் மனைவி அன்னப்பூரணி அக்கா புதுச் சீலையில், தலையில் ஈரம் காயாமல் நின்றா. நல்லரத்தினம் அண்ணன் புது வேட்டியோடு பஞ்சாங்கத்தைக் கையில் வைத்திருந்தார்.

"அக்கா, மட்டை விழுந்து லைன் போயிட்டு. முட்டை பொரிக்கிற நேரம். அந்த மஞ்சள் வயர ஒருக்காத் தாங்க."

அக்கா உடனே திரும்பி அண்ணனைப் பார்த்தா. அண்ணன் பஞ்சாங்கத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, குறை நினைக்காதீங்க," என்றார் அண்ணன். "வருசத்தில முதல் காசு குடுக்கிற கைவிசேஷ நேரம் பன்னிரண்டு பத்துக்குத்தான். அதுக்கு முதல் வீட்டில இருந்து ஒண்டும் வெளிய குடுக்கேலா. காசு, உப்பு, நெருப்பு ஒண்டும்."

"நான் நெருப்பா கேக்கன்? கரண்டத்தானே கேக்கன்."

"கரண்டும் நெருப்புத்தானே தங்கச்சி."

பதினொன்றே கால். இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. அந்த வருடம் தீட்டும் நேரமும் பாராமல் மரத்துக்கு மரம் கரண்ட் கொடுத்த மனிதரா இவர் என்று நினைத்தேன். அண்ணன் தலையைக் குனிந்தபடி சொன்னார். "போன புதுவருசம் சந்தியில ஒருத்தன் சுருட்டுக்கு நெருப்புக் கேட்டான். நேரம் வரல்ல, நான் யோசிக்காம லைட்டரக் குடுத்திட்டன். கார்த்திகையில கிரான் வட்டையில என்ட வயல் முழுக்க வெள்ளம். விதைச்ச நெல் ஒண்டும் மிஞ்சல்ல. எனக்கு இப்பவும் பயம் தங்கச்சி. மூட நம்பிக்கை எண்டு நீங்க சொல்லுவீங்க. எனக்குப் பயம்."

மாரி முழுக்க இவர் நெல் போன வயலைப் பார்த்துக்கொண்டு வரம்பில் குந்தியிருந்ததை அக்கா என்னிடம் சொல்லி அழுதிருக்கிறா. அந்தப் பயத்தின் முன்னால் நான் என்ன வழக்குப் பேசுவது? ஆனால் என் முட்டைகளும் செத்துக்கொண்டிருந்தன. அவற்றோடு என் கணவரும் போய்க்கொண்டிருந்தார். திரும்பி நடந்தேன். கண் மறைத்தது.

பின்னால் அன்னப்பூரணி அக்காவின் குரல் கேட்டது. அண்ணனிடம் மெதுவாகத்தான் கேட்டா. "குடுக்கத்தானே ஏலா? உள்ளுக்கு வாறதுக்கு என்ன தடை?"

"வாறதுக்குத் தடை இல்ல. வாறது நல்லந்தானே."

"அப்ப முட்டை வரட்டும்."

அண்ணன் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அதில் முட்டையைப் பற்றி ஒன்றும் இருந்திருக்காது. ஆனாலும் இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, அதை மூடி, சாமிப் படத்தடியில் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கையில ஒண்டும் எடுக்காம வாங்க," என்று அக்கா அவரை எச்சரித்தா. இரண்டு பேரும் வெறுங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு கடப்படியைத் தாண்டி வந்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மெஷினின் நான்கு மூலையிலும் நான்கு பேர். கச்சி முகம்மது பின்பக்கத்தைப் பிடித்தார். குலுங்கக்கூடாது, சரியக்கூடாது, தண்ணீர்த் தட்டு ஊற்றுப்படக்கூடாது. அவர் அரபு நாட்டில் பெரிய பெரிய மெஷின்களை நகர்த்தியவர், குரலைத் தாழ்த்திக் கட்டளை கொடுத்தார். "மெதுவா. இப்ப நில்லுங்க. அண்ணன், உங்கட பக்கம் கொஞ்சம் தூக்குங்க. ஓம். நடங்க." அவருடைய குரலில் அப்படி ஓர் அமைதியை நான் இதுவரை கேட்டதில்லை. ஒழுங்கையைக் கடக்கச் சாதாரணமாகப் பத்து எட்டு. அன்றைக்கு எத்தனை நிமிடம் எடுத்தோம் என்று தெரியாது. தொங்குகிற கம்பியைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. உள்ளே கீச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

வாசலில் அக்கா நிறுத்தினா. "வலது கால வச்சு வாங்க."

நான்கு பேர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வலது காலை வைப்பது எப்படி? முன்னால் போகிறவர் வைத்தால் பின்னால் இருப்பவருக்கு இடது கால் வருகிறது. அண்ணன் ஒரு தடவை வைத்து, பிழை என்று பின்னுக்கு எடுத்தார். மெஷின் ஆடியது. என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்டு எண்டு சொல்லக்குள்ள எல்லாரும் வலது" என்றார். ஒன்று என்றார். உள்ளே போனோம்.

நடு அறையில், நிறைகுடத்துக்குப் பக்கத்தில் மெஷினை வைத்தோம். அக்கா ரேடியோவின் வயரைப் பிடுங்கிவிட்டு எங்கள் வயரைச் செருகினா. ஃபான் சுற்றியது. பல்புகள் எரிந்தன. நான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

இவ்வளவுக்கும் தப்பிக்குமா என்று யாருக்கும் தெரியாது. ஒன்றேகால் மணித்தியாலம் ஃபான் நின்றிருக்கிறது. காலையில் பொட்டு விழுந்த முட்டையில் இப்போது சத்தம் இல்லை. என் கணவர் கண்ணாடிக்கு முன்னால் குந்தினார். எழும்பி வெளியே போவார், நடப்பார் என்று பார்த்தேன். போகவில்லை.

பன்னிரண்டு பத்துக்கு அண்ணன் வெற்றிலையில் நெல்லும் ஒரு நாணயக் குற்றியும் வைத்து அக்காவுக்குக் கைவிசேஷம் கொடுத்தார். அக்கா அவருடைய காலைத் தொட்டு எழும்பினா. அடுத்த வெற்றிலையை எடுத்துக்கொண்டு அண்ணன் என் கணவரிடம் வந்தார்.

"முகம்மது, இந்தாங்க. இந்த வருசம் இந்த வீட்டில இருந்து வெளிய போற முதல் பொருள் உங்கட கைக்கு." பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "இனி வயரக் கேளுங்க. பத்து வயரும் தாறன்" என்றார்.

அவர் வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியவர் நிமிராமலே சொன்னார். "அண்ணன், அது காத்துக்கு விழுந்த மட்டை இல்ல. நான் வெட்டி விட்டது. சோலாருக்கு நிழல் விழுகுதெண்டு."

அண்ணன் பக்கத்தில் குந்திக்கொண்டு, "நான் லைட்டர் குடுத்தனான்" என்றார்.

அண்ணன் கொட்டிலுக்குப் போய் மஞ்சள் வயரை எடுத்துவந்து, மரத்துக்கு மரம் கட்டி, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே செய்தார்.

ஒன்றரை மணிக்கு முதல் குஞ்சு வந்தது. நனைந்து, கழுத்தைத் தூக்க முடியாமல் ஓட்டுக்கு மேலேயே விழுந்து கிடந்தது. காலையில் பொட்டு விழுந்த முட்டை இல்லை, வேறொன்று. காலையில் கொத்தியது கொத்தியபடியே நின்றுவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் இரண்டு மணிக்கு இன்னும் ஐந்தாறு முட்டைகள் பிளந்தன. பிறகு எண்ண முடியவில்லை. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி விழுந்தன. அக்கா பால்சோற்றைத் தட்டில் கொண்டுவந்து வைத்தா. என் கணவர் கண்ணை எடுக்காமல் சாப்பிட்டார்.

இரண்டரைக்கு அவருடைய ஃபோன் அடித்தது. திரையில் கத்தார் இலக்கம்.

அவர் எழும்பிக் கடப்படிக்குப் போனார். மாவிலைக்குக் கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசினார். அரபியில் பேசியது எனக்கு விளங்காது, குஞ்சுகளின் சத்தத்தில் கேட்கவும் இல்லை. அந்த முதுகை எனக்குத் தெரியும். விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் பார்த்த முதுகு. ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பாராமல் நடக்கும். நான் மெஷினின் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பொரித்தால் நிற்கிறேன் என்று சொன்னவர்தான். ஆனால் எத்தனை பொரித்தால் என்று சொல்லவில்லையே.

திரும்பி வந்து பழைய இடத்திலேயே குந்தினார்.

"வேற ஆளப் பாருங்க எண்டு சொல்லிட்டன்," என்றார்.

நான் கதவுப் பிடியை விட்டேன். "அவர் என்ன சொன்ன?"

"ஏன் எண்டு கேட்டார். முட்டை பொரிக்குது, வரேலா எண்டன்."

"மறுகா?"

"என்ன முட்டை எண்டு கேட்டார்."

அன்னப்பூரணி அக்கா குசினிக்குள் நின்று சிரித்த சிரிப்பில் பாத்திரம் ஒன்று விழுந்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன், முந்தானையால் துடைத்தேன், மறுபடியும் வந்தது. அவர் அதைப் பார்த்தார். இந்த முறை வாழை மரத்துக்குப் பின்னால் போகவில்லை. கையை நீட்டி என் கையின் மேல் வைத்தார், அக்கா வீடு என்றும் பாராமல்.

மூன்று மணியும் தாண்டியிருக்கும், ஒழுங்கையில் லொறிச் சத்தம் கேட்டது. ஏணி சாத்துவதும் ஆட்கள் பேசுவதும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் எதிரே எங்கள் வீட்டு முன் விறாந்தை லைட் எரிந்தது. காலையில் யாரோ நூர்க்க மறந்த லைட். கரண்ட் வந்துவிட்டது. சோலாரைப் போடுகிற நேரமும் வந்துவிட்டது. எழும்பிப் போய்ப் பிரேக்கரைத் தூக்கினால் போதும், ஃபோனில் எண்கள் ஓடத் தொடங்கும்.

அவர் ஃபோனைக் குப்புற வைத்துவிட்டு, ஓட்டை உடைக்க முடியாமல் திணறுகிற ஒரு குஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோன் பேச எழும்பியதைத் தவிர, மூன்று மணித்தியாலத்துக்கு மேலாக ஒரே இடத்தில் இருக்கிறார். கரண்ட் வந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை.